இரத்தம் உறையாதிருக்க ஊசி போடும் கர்ப்பிணிக்கு மயக்க மருந்து: விவரம் அறிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் வசிக்கும் என் அண்ணிக்கு அடுத்த மாதம் சிசேரியன் செய்யவிருக்கிறார்கள். முதல் பிரசவத்துக்குப் பின் காலில் இரத்தம் உறைந்ததால், இம்முறை தினமும் இரவில் எனொக்ஸாபரின் ஊசியை வயிற்றுத் தோலடியில் போட்டுக்கொள்கிறார். தடுப்பு அளவில் (இரத்தம் உறையாமல் தடுக்கும் குறைந்த அளவில்) இதைப் போட்டவர்களுக்குக் குறைந்தது 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் (ஏற்கனவே உறைந்ததற்கான கூடிய அளவில்) போட்டவர்களுக்கு 24 மணி நேரமும் கழிந்த பின்னரே முதுகில் மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றும், முந்தினால் முள்ளந்தண்டுக்குள் இரத்தம் கசிந்து நரம்புகளை அழுத்தக்கூடும் என்றும் கிளினிக்கில் விளக்கினார்கள். திகதி குறித்த சத்திரசிகிச்சைக்கு இது சரி. ஊசி போட்ட இரவிலேயே வலி கண்டால் என்ன செய்வது? முதுகில் கொடுக்க முடியாமல் முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், கர்ப்பிணிகளுக்கு இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து கூடுதல் என்பது எங்களை மிகவும் அச்சுறுத்துகிறது. மழை நாளில் எங்கள் பாதையில் லொறி ஏறுவதே கஷ்டம்.

ஊசியை நாமாக நிறுத்தப் போவதில்லை. மயக்க மருந்து வைத்திய நிபுணரை முன்கூட்டியே சந்திக்க யாரிடம் கேட்க வேண்டும், சில நாட்கள் முன்னதாகவே வார்ட்டில் அனுமதிப்பார்களா என்பதை, வைத்தியசாலைகளில் பணிபுரியும் உறவுகள் தயவுசெய்து சொல்லுங்கள். ஊசியின் அளவையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் கிளினிக் அட்டையோடு சேர்த்து வைக்க, சிங்களத்தில் பிழையின்றி எழுதித் தரவும் ஒருவர் தேவை.