ஆணுறை கிழிந்து ஒன்பது நாளாகிறது: எந்தப் பரிசோதனையை எப்போது செய்துகொள்ள வேண்டும்?

பின்னலூரான் (மார்ச் 12)

திருப்பூரில் வசிக்கிறேன், வயது 31. வேலை நிமித்தம் வெளியூர் சென்றிருந்தபோது, இம்மாதம் 3ஆம் தேதி, அதிகம் பழக்கமில்லாத ஒருவருடன் உறவு கொண்டேன். ஆணுறை பாதியில் கிழிந்துவிட்டது. பதற்றம் தாங்காமல் நான்காம் நாளே ஒரு தனியார் லேபில் 'முழு பேக்கேஜ்' என்று பணம் கட்டிப் பரிசோதனை செய்தேன். 'எச்.ஐ.வி. 1 & 2 ஆன்டிபாடி: நான்-ரியாக்டிவ்', 'வி.டி.ஆர்.எல்.: நான்-ரியாக்டிவ்' (இது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கானதாம்), 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.: நெகட்டிவ்' (இது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுக்கானதாம்), 'யூரின் ரொட்டீன்: நார்மல்' என்று அறிக்கை வந்தது. இதுவரை எந்த அறிகுறியும் இல்லை.

பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றிருக்கும் என் மனைவி, சித்திரை பிறப்பதற்குள் குழந்தையுடன் திரும்பிவிடுவார். இந்த அறிக்கையை நம்பி நிம்மதியாக இருக்கலாமா?

சோதனைக்குழாய்

அரசு மருத்துவமனை ஒன்றில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பல ஆண்டுகளாக ஆய்வக நுட்புநராக இருக்கிறேன். உங்கள் அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அது மார்ச் 3ஆம் தேதிக்கு முந்தைய உங்கள் உடல்நிலையைத்தான் சொல்கிறது. அன்றைய இரவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஆன்டிபாடி என்பது கிருமியன்று. கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் பொருள். அது சோதனையில் பிடிபடும் அளவுக்குச் சேர நாளாகும். விரல்நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் செய்யும் துரித சோதனைகள் எச்.ஐ.வி. தொற்றைக் காட்ட 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில், ஆன்டிபாடியுடன் கிருமியின் ஆன்டிஜெனையும் (கிருமியின் ஒரு பகுதி) சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். லேபில் 'எச்.ஐ.வி. டெஸ்ட்' என்று மட்டும் கேட்காமல் எந்தத் தலைமுறை என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, பலரும் ஏமாறும் இடம். 'யூரின் ரொட்டீன்' வெட்டை நோயையோ கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றையோ தேடும் சோதனையே அல்ல; சாதாரண யூரின் கல்ச்சரும் அப்படித்தான். அவற்றுக்குக் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். வகைச் சோதனை வேண்டும், அதுவும் சம்பவம் நடந்து இரண்டு வாரம் ஆன பிறகு. குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். மற்ற சோதனைகளுக்கு 'நடுவில் வருவதைப் பிடியுங்கள்' என்று சொல்லிப் பழகியவர்கள் இதற்கும் அப்படியே சொல்லிவிடுவது உண்டு. நீங்கள் கவனமாக இருங்கள்.

பழைய தழும்பு

என் தவறு உங்களுக்குப் பயன்படட்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில், மருந்துக்கடையில் கேட்டு ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிவிட்டு, எல்லாம் முடிந்ததென்று இருந்துவிட்டேன். நான்காவது வாரத்தில் ஆணுறுப்பின் நுனியில் மிளகளவு ஒரு புண் வந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, தொட்டால் மட்டும் அடியில் கெட்டியாக இருந்தது. உடனே எடுத்த வி.டி.ஆர்.எல். 'நான்-ரியாக்டிவ்'. புண்ணும் தானாகவே ஆறிவிட்டது. ஆறியதையே குணமானதாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து உள்ளங்கையில் செம்புநிறத் திட்டுகள் வந்த பிறகுதான் அரசு மருத்துவமனையின் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சென்றேன். சிபிலிஸ் என்றார்கள். இரண்டு புட்டத்திலும் பென்சிலின் ஊசி போட்டார்கள். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே ஊர் திரும்பினேன். அதற்கு முன் 'வாலிப வயோதிக அன்பர்களே' விளம்பரத்தை நம்பி ஒரு லாட்ஜ் மாடிப்படி ஏறி, லேகியத்துக்குப் பணம் கட்டிய கதையையும் மறைப்பதற்கில்லை.

நல்லவழி

அடுத்து நடக்கும் ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். எல்லாச் சோதனையையும் அவர்களே இலவசமாகச் செய்துவிடுவார்கள்.

மருத்துவர் (பால்வினை நோய்)

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். சோதனையில் பிடிபடாத காலத்தில் கொடுக்கும் ரத்தம், தொற்று இருந்தாலும் 'நெகட்டிவ்' என்று தேறி, ஒரு நோயாளியின் உடலில் ஏற்றப்பட்டுவிடும்.

கேள்வி கேட்டவருக்கு: எச்.ஐ.வி.யைத் தடுக்கும் 28 நாள் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். லேபுக்குப் போன நான்காம் நாளிலேயே அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. இதைப் படிக்கும் வேறு எவருக்கேனும் இன்னும் நேரம் இருந்தால், லேபை விட்டுவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்களுக்கு இப்போதும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பு போட்டதில்லை என்றால் நாளையே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். உறவு கொண்டவருக்கு அத்தொற்று இருப்பது தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடி ஊசியும் தேவைப்படலாம். அதற்குப் பதினான்கு நாள்தான் கெடு.

மார்ச் 17க்குப் பிறகு சிறுநீர் பி.சி.ஆர். செய்யுங்கள். ஆறு வாரம் ஏப்ரல் 14இல், சித்திரை முதல் நாளில் நிறைகிறது. அன்று விடுமுறை என்பதால் மறுநாள் சென்று எச்.ஐ.வி. நான்காம் தலைமுறைச் சோதனையையும் சிபிலிஸ் சோதனையையும் செய்யுங்கள். பிறகு ஜூன் முதல் வாரத்தில், அதாவது மூன்று மாதம் முடிந்தபின், அவ்விரண்டுடன் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யையும் ஒருமுறை பாருங்கள். இடையில் புண், சீழ், எரிச்சல், காய்ச்சலுடன் தடிப்பு என எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

உங்கள் மனைவி பாலூட்டுகிறார் என்பதுதான் எனக்குக் கவலை. பாலூட்டும் காலத்தில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றினால் தாயின் உடலில் கிருமியின் அளவு மிக அதிகமாக இருக்கும். குழந்தைக்குப் பாலின் வழியே செல்லும் ஆபத்தும் அப்போது கூடுதல். ஆகவே கடைசி அறிக்கை வரும்வரை உறவைத் தவிருங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் ஆணுறை அணியுங்கள்.

பின்னலூரான்

அனைவருக்கும் நன்றி. தடுப்பூசி போட்டதாக நினைவில்லை. நாளைக் காலையே செல்கிறேன். நம்பிக்கை மையத்தில் எங்கள் ஊர்க்காரர் யாரேனும் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் இருக்கிறது. மனைவியிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

சோதனைக்குழாய்

உங்கள் ஒப்புதல் இல்லாமல் சோதனை செய்யவோ, முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஊர்க்காரர் கண்ணில் படக்கூடாதென்றால் பக்கத்து மாவட்ட மையத்துக்குச் செல்லுங்கள். எங்கு வேண்டுமானாலும் இலவசம்தான். எங்களிடம் வருபவர்களில் வெளியூர்க்காரர்கள் நிறையவே உண்டு. மனைவி விஷயத்தை அங்குள்ள ஆலோசகரிடம் தனியாகப் பேசுங்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். மனைவி வந்த பிறகு அவரிடம் பேசுவதைவிட, வருவதற்கு முன் பேசிவிடுவது நல்லது.