டிரையரில் துணி காயவில்லை, ஹீட்டரை மாற்றத்தான் வேண்டுமா? (திருவொற்றியூர், புது ஃபிளாட்)

கடலோரக்_குடித்தனம்:
நான்காவது மாடி. பில்டரே டிரையருக்குக் குழாய் போட்டு, பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங் வழியாக வெளிச்சுவருக்குக் கொண்டுபோயிருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரே ஓட்டத்தில் காய்ந்த துண்டுகள், இப்போது இரண்டு முறை ஓட்டியும் ஈரமாகவே இருக்கின்றன. மெஷின் மேல்பக்கம் தொட முடியாத சூடு. சர்வீஸுக்கு வந்தவர் ஹீட்டர் போச்சு என்கிறார். லின்ட் ஃபில்டரை (துணிப் பஞ்சைப் பிடிக்கும் வலை) தினமும் சுத்தம் செய்கிறேன்.

பழைய_வண்ணை:
ஹீட்டர் போயிருந்தால் எப்படிக்கா சூடாகும்? சூடு வருகிறது, வெளியே போகத்தான் வழியில்லை. ஃபில்டரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வழியாமல் தேங்கினால் துணி சாஃப்ட்னர் படலம் ஒட்டியிருக்கிறது. சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

டக்ட்_வேலைக்காரன்:
பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே நின்று ஒரு ஓட்டம் விடுங்கள் (எலக்ட்ரிக் டிரையருக்கு மட்டும்தான் இது, கேஸ் என்றால் கூடவே கூடாது). சீக்கிரம் காய்ந்தால் கோளாறு குழாயில். அப்புறம் குழாயை மாட்டி ஓட்டும்போது வெளிச்சுவர் மூடி திறக்கிறதா என்றும் பாருங்கள்.

கடலோரக்_குடித்தனம்:
அண்ணா, குழாய் இல்லாமல் ஒரே ஓட்டத்தில் காய்ந்துவிட்டது! வெளி மூடி உப்புக்காற்றில் துருப்பிடித்துத் திறக்கவே இல்லை. எலக்ட்ரீஷியன் சீலிங்கைக் கொஞ்சம் பிரித்தார். உள்ளே பிளாஸ்டிக் சுருள் குழாய், நடுவில் தொய்ந்து, அதில் தண்ணீரும் பஞ்சும் சேர்ந்து களி மாதிரி கிடக்கிறது.

டக்ட்_வேலைக்காரன்:
அதை மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். துணிப் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும். உள்பக்கம் வழவழப்பான 4 அங்குல உலோகக் குழாய்தான் சரி. இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ வேண்டாம், உள்ளே நீளும் ஸ்க்ரூவில் பஞ்சு சிக்கும். குழாய் வெளிப்பக்கம் நோக்கி லேசாகச் சரிய வேண்டும். அமெரிக்க வீட்டு விதியில் குழாய் நீளம் பொதுவாக 35 அடிதான் உச்சம், ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும். உங்கள் மெஷினுக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். புறா வருகிறதே என்று வெளி வாயில் வலை அடித்துவிடாதீர்கள், பஞ்சு முதலில் அடைப்பது அங்கேதான். நம்ம பக்கக் காற்றுக்குத் துருப்பிடிக்காத மூடியாகப் பார்த்து வாங்குங்கள். சீலிங்கில் ஒரு சின்னக் கதவு வைத்தால் வருடம் ஒருமுறை பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யலாம்.

பழைய_வண்ணை:
காசை நீங்கள் ஏன் போட வேண்டும்? ரெரா சட்டம் (வீடு வாங்குபவர்களைக் காக்கும் ரியல் எஸ்டேட் சட்டம்), 2016, பிரிவு 14(3) படியுங்கள். சாவி வாங்கிய 5 வருடத்துக்குள் வேலைப்பாட்டில் குறை என்று சொன்னால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பிரித்த இடத்தைப் படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

கடலோரக்_குடித்தனம்:
மெயில் போட்டாச்சு. மேல் வீட்டிலும் இதே குழாய்தானாம், அவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அதுவரை குழாய் இல்லாமலே ஓட்டலாமா?

டக்ட்_வேலைக்காரன்:
வேண்டாம்மா. அவ்வளவு ஈரமும் பஞ்சும் வீட்டுக்குள்ளேயே சுற்றி, சுவரில் பூஞ்சை பிடிக்கும். வாஷிங் மெஷினில் ஸ்பின்னை இன்னொரு முறை விட்டு, ஃபேனுக்குக் கீழே காயப் போடுங்கள்.