ஸ்லிப், டிரிப், ஸ்டம்பிள், ஃபால்: தமிழில் எப்படிப் பிரிப்பது?

வணக்கம்.

மருத்துவமனை விபத்துப் பதிவுப் படிவம் ஒன்று தமிழாகிறது. ஸ்லிப், டிரிப், ஸ்டம்பிள், ஃபால் நான்கும் அதில் தனித்தனிக் கட்டங்கள். வரைவில் நான்கிலும் ‘தவறி விழுதல்’ என்றே இருக்கிறது. செவிலியர் எதில் குறியிடுவார்? வழுக்கல், இடறல், தடுமாற்றம், வீழ்ச்சி என்று வைக்கலாமா?

————

> வழுக்கல், இடறல், தடுமாற்றம், வீழ்ச்சி

முதல் மூன்றும் நிற்கும். வீழ்ச்சி வேண்டாம். பேரரசு, பங்குச் சந்தை, அருவி எல்லாம் அதில் குடியேறிவிட்டன. ‘முதியவர் வீழ்ச்சி’ என்றால் அவர் தேர்தலில் தோற்றதுபோல ஒலிக்கிறது. ‘விழுதல்’ போதும்.

‘தவறி விழுதல்’ கேட்டதும் மாடியும் கிணறும்தான் நினைவுக்கு வரும். உயரத்திலிருந்து விழுவதற்கு அதை ஒதுக்கிவிடலாம்.

வழுக்கலையும் இடறலையும் கட்டாயம் பிரிக்க வேண்டும். வழுக்கும்போது முன்வைத்த குதிகாலுக்குப் பிடிப்பு கிடைக்காமல் கால் முன்னே ஓடிவிடுகிறது, உடல் பின்தங்குகிறது. ஆள் பெரும்பாலும் மல்லாக்க விழுவார். இடுப்பு, வால் எலும்பு, பின்மண்டை அடிபடும். இடறும்போது நேர்மாறு. வீசி வரும் கால் எதிலோ மோதி நின்றுவிட, உடல் முன்னே போகிறது. குப்புற விழுவார், மணிக்கட்டு, முழங்கால், முகம் அடிபடும்.

திருத்தமும் வேறுவேறு. நடக்கையில் வீசுகாலின் நுனி தரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. உயரத்தில்தான் கடக்கிறது. அதனால்தான் அமெரிக்க அணுகல் விதிகள் செங்குத்தான மேட்டைக் கால் அங்குலம் (6.4 மி.மீ.) வரைதான் விடுகின்றன, அதைத் தாண்டினால் அரை அங்குலம் வரை விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும், அதற்கும் மேல் சாய்தளம். வழுக்கலுக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே உராய்வுதான் பேச்சு. ஈரத்தில் நடக்க நேரும் உட்புறச் சமதரை ஓட்டுக்கு (டைல்) இயங்கு உராய்வுக் கெழு, அதாவது வழுக்கி நகரும்போது இருக்கும் பிடிப்பின் அளவு, குறைந்தது 0.42 இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு ஓட்டுத் தரம். படிவத்தில் ‘விழுந்தார்’ என்று மட்டும் எழுதினால் ஓட்டை மாற்றுவதா, வாசற்படியைச் சீவுவதா என்று பராமரிப்புப் பிரிவுக்குத் தெரியாது.

‘வழுக்கல்’ புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. வழுக்கல் பாறை என்று ஊரில் சொல்வதுதான். குறளில் (415) ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்று வருவதும் வழுக்குநிலத்துக்கான ஊன்றுகோலே. ‘வழு’வைத் தொடாதீர்கள், கணினிக்காரர்கள் ‘பக்’குக்கு (நிரல் பிழை) எடுத்துக்கொண்டார்கள்.

————

> இடறல்

பேச்சில் தடுக்கி விழுவதுதானே அதிகம்? ‘தடுக்கி விழுந்தால் டீக்கடை’ என்கிறோம், ‘இடறி விழுந்தால்’ என்பதில்லை. கிறித்தவத் தமிழில் இடறல் பாவத்துக்கு ஏதுவானது என்ற பொருளும் தரும். கல், நிலைப்படி போல அசையாதது மோதினால் இடறல், புடவை, மிதியடி, ஒயர் காலில் சிக்கினால் தடுக்கல் என்று இரண்டாக்கலாமே. முன்னதற்கு மட்டம் சரிசெய்ய வேண்டும், பின்னதற்கு ஒயரைச் சுவரோரம் கட்ட வேண்டும்.

————

பிரிவு அழகு, ஆனால் பேச்சு அதற்குக் கட்டுப்படாது. ‘கல் தடுக்கி விழுந்தான்’ என்றும் சொல்கிறோமே. இரண்டு செவிலியர் ஒரே விபத்தை இரண்டு கட்டத்தில் போடுவார்கள். ‘தடுக்கல்’ என்ற பெயர் வடிவம் யார் வாயிலும் இல்லை. ‘தடுக்கு’ என்றாலோ ஓலையில் முடைந்த சிறு பாய். தடுக்கு தடுக்கி விழுந்தார் என்று எழுதவும் நேரலாம். தலைச்சொல் இடறல், பக்கத்தில் ‘எதில்?’ என்று ஒரு கோடு விட்டால் கல்லா ஒயரா தெரிந்துவிடும். பாவப் பொருளை எண்ணி மருத்துவப் படிவத்தில் யாரும் குழம்பமாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நான்கையும் ஒரே பட்டியலில் வைப்பதே பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் ஃபால் என்பது ஒருவர் தன் விருப்பமின்றித் தரையிலோ தாழ்ந்த மட்டத்திலோ வந்து கிடப்பது. காரணம் அதில் இல்லை. வழுக்கலும் இடறலும் காரணம், விழுதல் விளைவு. அந்நிறுவனத்தின் நோய், விபத்துக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இன் டபிள்யூ01, வழுக்கியோ இடறியோ தடுமாறியோ விழுவது மூன்றையும் ஒரே குறியீட்டில் அடைத்துவிட்டது, ஆனால் அமெரிக்கப் பதிப்பில் டபிள்யூ18.4 என்று விழாமலே வழுக்கியதற்கும் இடறியதற்கும் தனி இடம் உண்டு.

தடுமாற்றம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். காலை வீசத் தொடங்கிய உடனே இடறினால் அதே காலை மேலும் தூக்கித் தாண்டிவிடலாம். வீச்சின் கடைசியில் இடறினால் அந்தக் காலைச் சட்டென ஊன்றி, மறுகாலை எட்டிப் போட வேண்டும். சமாளித்தால் தடுமாற்றத்தோடு முடிந்தது, இல்லையென்றால் விழுதல். ‘தள்ளாட்டம்’ வேண்டாம், அது நடையின் இயல்பைச் சொல்வது, ஒருமுறை நடந்ததை அல்ல.

ஆகவே படிவத்தில் இரண்டு கேள்விகள்:

எதனால்? வழுக்கல் / இடறல் (எதில்?) / கால் பிசகல் / மயக்கம் / வேறு.
என்ன ஆயிற்று? தடுமாறிச் சமாளித்தார் / சமதரையில் விழுந்தார் / உயரத்திலிருந்து தவறி விழுந்தார்.

மயக்கத்தை விடாதீர்கள். மயங்கி விழுந்தவருக்குத் தரையைத் துடைத்துப் பயனில்லை, நாடித்துடிப்பும் படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

————

இரண்டு கேள்வி அமைப்பே சரி. வரைவை அப்படியே மாற்றிவிடலாம். ‘கால் பிசகல்’ சுளுக்கு என்றும் படிக்கப்படும். ‘அடி பிசகல்’ என்று போடுகிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.