மொட்டு விடுது, விரியாம கொட்டுது: கேஎல்-ல (கோலாலம்பூர்ல) உருளைக்கிழங்குப் பூ பாக்க வழி இருக்கா?

பால்கனிக்காரி, செந்தூல்:
வணக்கம். முதல்லயே சொல்லிடறேன், கிழங்கு எனக்கு வேணாம், அது பாசார்லயே கிடைக்குது. பூதான் வேணும். அடுக்குமாடி பால்கனி, மதியம் வரைக்கும் வெயில் படும். பழைய அரிசிப் பையில மூணு ரகம் நட்டேன்: சிவப்புத் தோல், 'ஹாலந்து'ன்னு விக்கிற மஞ்சள், சூப்பர்மார்க்கெட்ல வாங்கின ஊதா. மூணும் இடுப்பு உயரம் வளந்து கொடி மாதிரி சாயுது, இலை மட்டும் சின்னது. ஊதாவுல கொத்தா மொட்டு வந்துச்சு. மிளகு சைஸ் ஆனதும் காம்பு மஞ்சளாகி, அதுல நடுவுல இருக்கிற கணுவுல ஒடிஞ்சு விழுது. மத்த ரெண்டுல மொட்டே இல்ல. கோழி எருவும் 15:15:15 பச்சை பாஜாவும் (தழை, மணி, சாம்பல் சத்து உரம்) போடறேன்.

இன்னொண்ணு, சிவப்புச் செடி மூணு நாளா மத்தியானம் தலை தொங்கி சாயங்காலம் நிமிந்துச்சு. இன்னைக்கு நிமிரல. இலை பச்சையாதான் இருக்கு, மண்ணும் ஈரமா இருக்கு.

கிள்ளான் குமாரு:
உருளைக்கிழங்கு பூக்குமா? நான் மசாலாதோசையில மட்டும்தான்க்கா பாத்திருக்கேன்.

பூச்செடிப் பைத்தியம், செராஸ்:
பச்சை பாஜாவ நிறுத்திட்டு 12:12:17 நீலம் போடுங்க. என் போகன்வில்லா அதுலதான் கொட்டுது.

தானா ராத்தா அண்ணன்:
நீலம் போட்டா கெடுதல் இல்ல, ஆனா வியாதி அது இல்ல. ராத்திரிச் சூடுதான் தங்கச்சி. உருளைக்கு ராத்திரி 15லேர்ந்து 20 டிகிரி இருந்தா சந்தோஷம். கேஎல்-ல விடிகாலையில கூட 24 இருக்கும். அந்தச் சூட்டுல செடி நெட்டையா போகும், இலை சிறுக்கும், கிழங்கு வைக்காது, மொட்டு அந்தக் கணுவுலயே கழண்டுடும். இங்க கேமரன் மலையில தானா ராத்தா 1,400 மீட்டர் உயரம், ராத்திரி ஸ்வெட்டர் போடுறோம், அதனால பூக்குது.

ரெண்டாவது, பகல் நேரம். நமக்கு வருஷம் பூரா ஏறக்குறைய 12 மணி நேரம்தான் வெளிச்சம். இந்தச் செடி நல்லா பூக்க 16 மணி நேரம் கேக்கும். இந்தியாவுல சமவெளியில குளிர்காலப் பயிர் பெரும்பாலும் பூக்காமலே அறுவடைக்கு வந்துடும். 1949-ல பாட்னாவுல ஆரம்பிச்ச மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்த 1956-ல சிம்லா மலைக்கு மாத்தினதுக்கு ஒரு காரணமே இதுதான். பூ இல்லாம புது ரகத்துக்கு எப்படி மகரந்தம் சேக்கிறது?

மூணாவது ரகம். ரசெட் பர்பாங்க் மொட்டு விட்டாலும் உதுத்துடற ஜாதி. பூத்தா வெள்ளை. டிசிரே, 1962-ல ஹாலந்துல வந்த சிவப்புத் தோல் ரகம், இளம் ஊதாவா பூக்கும், நடுவுல மஞ்சள் மகரந்தக் கூம்பு துருத்திட்டு நிக்கும், அழகு. உங்க சிவப்பு டிசிரேவான்னு தோல வெச்சுச் சொல்ல முடியாது. நிறத் தோல்னா பூவும் பெரும்பாலும் நிறமா வரும், ஆனா சட்டம் இல்ல. அட்லாண்டிக் வெள்ளைத் தோல்தான், பூ இளம் ஊதா.

அந்தச் சிவப்புச் செடிய மட்டும் உடனே பாருங்க. தண்டை அடியில வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணியில நுனி மட்டும் முங்கற மாதிரி ஆட்டாம புடிங்க. அஞ்சு நிமிஷத்துல பால் மாதிரி ஏதாவது இறங்குதா?

பால்கனிக்காரி:
இறங்குதுண்ணே! வெள்ளை நூல் தொங்குற மாதிரி. பக்கத்துல மிளகாய்ச் செடி வேற இருக்கு, ரெண்டுக்கும் ஒரே தட்டு.

தானா ராத்தா அண்ணன்:
பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடி, கிழங்கு, மண்ணு மொத்தத்தையும் ப்ளாஸ்டிக் பையில கட்டி குப்பையில போடுங்க, எருக்குழிக்கு வேணாம். அந்த மண்ணுல கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் நடாதீங்க. கத்தரிக்கோல க்ளோரோக்ஸ்ல (ப்ளீச்சுல) கழுவணும். மிளகாய இப்பவே தள்ளி வைங்க, தட்டுத் தண்ணி வழியா இந்நேரம் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

ஆயர் ஈத்தாம் அக்கா, பினாங்கு:
கிழங்கு வேணாம்னு சொன்னதால ஒரு வழி சொல்றேன்மா. புது ரகம் உருவாக்கறவங்க செய்யறது இது. உருளைத் தளிர தக்காளி அடித்தண்டுல ஒட்டுக் கட்டுவாங்க. கீழ கிழங்கு வைக்க இடமே இல்லாததால சத்து மேல பூவுக்குப் போகும். ஒட்டு வராதுன்னா, விதைக்கிழங்க செங்கல் மேல வெச்சு மண்ணு மூடுங்க. வேர் செங்கல்லச் சுத்திக் கீழ இறங்கினதும் மேல் மண்ணத் தண்ணி அடிச்சுக் கரைச்சிட்டு, கிழங்கு விடற வெள்ளைக் கொடிகளக் கிள்ளிடணும்.

ஆனா சூட்டுக்கு இது பதில் இல்ல. வீட்டுல ராத்திரி ஏர்கோன் போடுவீங்களா?

பால்கனிக்காரி:
போடுவோம்க்கா, 20-ல. வீட்டுக்காரருக்கு வேர்க்கும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அப்ப அவரு புண்ணியத்துல பூக்கட்டும். ஊதாவ சின்னத் தொட்டியில புதுசா நட்டு, பகல்ல பால்கனி, பொழுது சாய்ஞ்சதும் ரூமுக்குள்ள. ஏழு மணிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் செடிக்கு ஒரு முழம் மேல வெள்ளை எல்ஈடி. மஞ்சளத் தூக்கிப் போடுங்க, அது பேருக்கு ஹாலந்து, நிறைய சீனாவுலேர்ந்து வருது, என்ன ரகம்னே தெரியாது.

இவ்வளவு பாடு வேணாம்னா உருளைக்கிழங்கு மரம் இருக்கே, அதே குடும்பம், பெரிய ஊதாப் பூ வெளுத்து வெள்ளையாகும், நம்ம சூட்டுக்குக் கவலையே படாது. ஆனா பால்கனிக்கு ஆகாது, மரம்.

தானா ராத்தா அண்ணன்:
ஏர்கோன் யோசனை சரிதான், காத்து நேரா அடிக்காம மூலையில வைங்க. பூ நின்னா படம் போடுங்க. பூவுக்கு அப்புறம் தக்காளிப் பிஞ்சு மாதிரி பச்சையா காய் வந்தா கிள்ளிடுங்க, அது விஷம், வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கும்.