பூவரசம் இலைப் படத்தை நீல ஓவியமாக்க உதவுங்கோ

அண்ணாமார், அக்காமார், ஒரு சின்ன உதவி. கோண்டாவிலில் எங்கட வேலிப் பூவரசில், சின்ன வயதில் பீப்பி சுத்தி ஊதின அதே இலைகளை, பின்னேர வெயில் பின்னாலிருந்து விழும்போது போனில் படம் எடுத்தேன். நரம்பெல்லாம் தெளிவு. ஆனால் பின்னுக்குத் தகரமும் கொடியில் காயிற சாரமும்.

இதை 1842 இல் ஜோன் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் படம் போல, கடும் நீலத்தில் வெள்ளை இலையாக மாற்ற ஆசை. (இரும்பு உப்புப் பூசின தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் கழுவுவார்கள். எங்கட வெயிலுக்கு அதையே செய்திருக்கலாம்!) கிம்ப் (GIMP) என்ற இலவசப் படம் திருத்தும் மென்பொருளில் இலையை வெட்டி, பின்னணியைக் கறுப்பாக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, கிரேடியன்ட் மேப்பில் (கறுப்பு வெள்ளைச் சாயல்களுக்கு வேறு நிறம் கொடுக்கிற கருவி) நீலம் கொடுத்தேன்.

சிக்கல் என்னவென்றால் இலையின் ஓரம் முழுக்கத் தகரத்தின் வெளிச்சம் வெள்ளைக் கோடாக ஒட்டி நிற்கிறது, ஃபெதர் (வெட்டின ஓரத்தை மென்மையாக்கிறது) கூட்டினால் கோடு போகுது, ஆனால் பூவரசுக்கே அழகான அந்தக் கூர் நுனியும் மழுங்கிப் போகுது. லேயர் மாஸ்க்கில் (வேண்டாத பகுதியை மறைக்கிற திரை) கையால் தீட்டுவதைவிட லேசான வழி இருக்கா?

அடுத்தது, யாழ்ப்பாண டவுனில் ஒரு ஸ்ரூடியோவில் 12க்கு 18 அங்குலத்தில் பிறின்ற் எடுத்தேன், நீலம் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. ஆர்ஜிபியில் (RGB, திரைக்கான நிறமுறை) கொடுத்ததுதான் பிழையோ? சிஎம்வைகேக்கு (CMYK, அச்சு மைக்கான நிறமுறை) மாற்றிக் கொடுத்தால் சரிவருமா, இல்லை நீலத்தையே கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ள வேணுமா?

தை மாதம் அக்கா வீட்டுக் குடிபூரல், அதுக்குத்தான் இந்தப் படம். போட்டோஷொப் வாங்கச் சொல்லாதேங்கோ, என்ர லப்டொப் கிம்புக்கே மூச்சு வாங்குது.