காட்டுச் சுக்கானை எங்கே பார்த்தீர்கள்?

மலைநாடோடி:
2017 ஜூனில் உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் வாண் கிராமத்திலிருந்து பேத்னி புக்யாலுக்கு நடந்தோம். புக்யால் என்றால் மரங்கள் முடிந்தபின் வரும் மலைப்புல்வெளி. ஊரைத் தாண்டும் முன்பே சரிவில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க ஓரத்தில் நின்ற செடியைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். அது கண்டாலி. நம் காஞ்சொறியைப் போலச் சுணை உள்ள செடிதான், ஆனால் எரிச்சல் அதைவிடக் கடுமை. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தீப்பட்ட மாதிரி எரிந்து, வெள்ளை வெள்ளையாகத் தடித்தது.

வழிகாட்டியாக வந்த பெரியவர் பதறவில்லை. நாலடி தள்ளி ஓர் அகன்ற இலையைக் கிள்ளினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கசக்கி, பச்சைச் சாறு வழிய வழிய என் கையில் தேய்த்தார். "ஜங்கலீ பாலக்" என்றார். கொஞ்ச நேரத்தில் குளிர்ந்து, வலி பொறுக்கும் அளவுக்கு வந்தது. அந்த இலையின் நன்றிக்கடனாகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் வழியெல்லாம் கண் அதையே தேடியது. ஓடைக்கரையில், கோவேறு கழுதை கட்டும் இடத்தில், வீட்டுப் புறக்கடையில் என்று எங்கும் இருந்தது. மேலே பேத்னி ஏறக்குறைய 3,350 மீட்டர் உயரம். புல் கணுக்காலுக்குக்கூட வரவில்லை. ஆனால் இடையர் குடிசையைச் சுற்றியும் கூடாரம் போடும் இடத்திலும் மட்டும் இந்தச் செடி முழங்காலைத் தாண்டி, கரும்பச்சையாக, வேறெதையும் விடாமல் அடர்ந்து நின்றது. பெரியவரைக் கேட்டேன். "ஆடு படுக்கிற இடம்" என்றார். சாணமும் மூத்திரமும் சேர்ந்து தழைச்சத்து ஏறிய மண் இதற்கு வெகு இஷ்டம். ஆடும் மாடும் புல்லைக் கரம்பிவிட்டு இதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவதால் போட்டியும் இல்லை.

இதன் தாவரவியல் பெயர் ரூமெக்ஸ் நேபாலென்சிஸ். நேபாளத்தில் ஹல்ஹலே என்கிறார்கள். நாம் பருப்பில் போடும் புளிப்பான சுக்கான்கீரையும் ரூமெக்ஸ் இனம்தான் என்பதால் நான் காட்டுச் சுக்கான் என்று சொல்லிக்கொள்கிறேன். சுக்கான்கீரை ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். இது பனிக்கடியில் வேரை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் தழைக்கும்.

2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது. அதற்குப் பிறகு அங்கே போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கூடாரம் போட்ட இடத்தில் இந்தச் செடி இன்னும் நிற்கிறதா? வேறு எங்கு பார்த்திருந்தாலும் எழுதுங்கள்.

குன்னூர்வாசி:
அண்ணா, இதைப் பார்க்க இமயமலைவரை போக வேண்டியதே இல்லை. எங்கள் நீலகிரியிலும் இருக்கிறது, பழனி மலையிலும் இருக்கிறது. சாக்கடை ஓரம், சதுப்பு விளிம்பு, மாட்டுக் கொட்டகைப் பின்புறம்தான் இதன் இடம். பெயர் தெரியாமலே சின்ன வயதிலிருந்து இதோடு பழக்கம். பள்ளி முடிந்து குறுக்குவழியில் வந்தால் ஸ்வெட்டர் கையெல்லாம் இதன் காய் ஒட்டியிருக்கும். அம்மா ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவார்.

ஒரு காயை நகத்தில் வைத்துக் கிட்டத்தில் பாருங்கள். விதையை மூன்று சிறு சிறகுகள் மூடியிருக்கும். ஒவ்வொரு சிறகின் விளிம்பிலும் வரிசையாகப் பற்கள், ஒவ்வொரு பல்லின் நுனியும் தூண்டில் முள் போல வளைந்திருக்கும். உள்ளே மூன்று மூலை கொண்ட, பளபளக்கும் பழுப்பு விதை. ஆட்டு ரோமத்திலும் கம்பளியிலும் ஏறிப் பயணம் போவது அந்தக் கொக்கியால்தான். ஆடு போய்ப் படுக்கும் இடத்திலேயே விதையும் இறங்குகிறது. நீங்கள் பேத்னியில் பார்த்த அடர்த்திக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேரட் தோட்டம்:
தோட்டக்காரனாக என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கையால் பிடுங்கினால் தண்டு மட்டும்தான் வரும், வேர் அசையாது. மண் கிளறும் முள்கரண்டி போட்டு நெம்பி எடுத்த ஒரு வேர் என் முழங்கை நீளம் இருந்தது. உடைத்தால் உள்ளே மஞ்சள், விரலிலும் கறை ஏறிவிடும். வேரின் கழுத்துப் பகுதி மண்ணில் தங்கினால் மறுபடியும் முளைத்துவிடும். காய் பிடிக்கும் முன்னால், மழை பெய்து மண் இளகிய நாளில் தோண்டுங்கள். இரண்டு வருடம் விடாமல் எடுத்த பிறகுதான் என் பாத்தி ஓரளவு சுத்தமானது.

வேதியியல் டீச்சர்:
ஒரு திருத்தம் மட்டும். காஞ்சொறி விஷம் அமிலம், இந்த இலைச்சாறு காரம், அதனால் முறிகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. இந்தச் சாறே அமிலத்தன்மை கொண்டது, ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது. கண்டாலியின் சுணையில் ஹிஸ்டமின் போன்ற பொருள்களும் இருப்பதால் எரிச்சலுக்கு அமிலம் மட்டும் காரணம் இல்லை. ஈர இலையின் குளிர்ச்சியும் தேய்ப்பதும் ஆறுதல் தந்திருக்கலாம். மலையில் இளந்தளிரைக் கீரையாகச் சமைப்பார்கள். ஆனால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

பேர்ன் தமிழன்:
நான் சுவிஸில் இருக்கிற ஈழத்தமிழன். அண்ணை, நீங்கள் சொன்ன காட்சியை அப்படியே ஆல்ப்ஸ் மலையில் கண்டிருக்கிறேன். இங்கே நிற்பது ரூமெக்ஸ் ஆல்பைனஸ், இலை முறம் மாதிரிப் பெரிசு. கோடையில் மாடுகளை மேலே கொண்டுபோய் மேய்க்கிற மலைக்கொட்டில்களைச் சுற்றி இது காடாக நிற்கும். பால்பண்ணை வைத்திருந்த ஒரு கிழவரோடு கதைத்தேன். அந்தக் காலத்தில் இலையை அவித்துப் புளிக்க வைத்து, குளிர்காலத்துக்குப் பன்றித் தீனியாக வைத்திருப்பார்களாம். வெண்ணெய் சுற்றவும் இந்த இலைதானாம். கொட்டில் இடிந்து, மாடு வருவது நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆன இடத்திலும் செடி போகாது என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கல் அத்திவாரம் மட்டும் மிச்சம், அதைச் சுற்றி இந்த இலைகள். ஆள் இல்லாத வளவில் கிணற்றடி வாழை நிற்குமே, எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கனநேரம் அங்கேயே நின்றேன்.

பனித்தடம்:
மலைநாடோடி அண்ணா, உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். 2022 செப்டம்பரில் போனேன். இப்போது கீழே காட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டுவிட்டு, புக்யாலுக்குப் பகலில் ஏறி இறங்க வேண்டும். பேத்னி குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சமமான ஒரு மேடையில் செடி நின்றது. காய் முற்றித் தண்டெல்லாம் துருவின் நிறம். சுற்றிலும் புல், நடுவில் மட்டும் அந்தத் திட்டு. உள்ளே நுழைந்து பார்த்தேன். அடுப்புக்கு வைத்த மூன்று கற்கள் கருகியபடியே கிடந்தன. வெளியே வந்தபோது சாக்ஸ் இரண்டிலும் காய் அப்பியிருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் அங்கேயே பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறினேன்.