பால் கொடுக்கிற நாட்களில் வீட்டுக்காரருக்கு என்ன வேலை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாரல்காற்று

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடுதான். மாப்பிள்ளை சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், ஹாலில் உட்கார்ந்து காபி குடித்து, பிள்ளையை ஒருதரம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு ஊர் திரும்ப வேண்டும். பால் கொடுக்கிற அறைக்குள் அவனுக்கு வேலை கிடையாது.

என் மனைவிக்கு சிசேரியன். பால் நன்றாகச் சுரக்க நாலு நாள் ஆயிற்று. அதற்குள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "பிள்ளை அழுவுதே, பால் பத்தலை" என்று தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. பவுடர் டப்பா வாங்கிவர என் கையில் பணமும் வந்துவிட்டது.

கடைக்குப் போகாமல் வார்டில் இருந்த நர்ஸ் அக்காவிடம் போனேன். "உள்ளே போற பாலை அளக்க முடியாது தம்பி, வெளியே வர்ற மூத்திரத்தை எண்ணலாம்" என்றார். 5ஆம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்குக் குறைந்தது 6 தடவை துணி நனைந்தால் பால் போதுமான அளவு போகிறது. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு, 2 வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும், 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

லீவு போட்டுத் தங்கி, பால்காரர் கணக்கு மாதிரி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குக் குடித்தான், எத்தனை மணிக்கு நனைத்தான் என்று எல்லாம் அதில் இருந்தது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது பச்சைக் குழந்தைக்கு வழக்கம்தான் என்பதை நோட்டைப் பார்த்துத்தான் வீடு நம்பியது. மாமியாரே காலையில் "மாப்ள, ராத்திரி எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினார். டப்பாப் பணத்தில் பிள்ளைக்குத் துணி வாங்கினோம்.

ரெண்டுபிள்ளைக்காரி

எங்கள் வீட்டில் அவருக்கு ராத்திரி வேலை. தொட்டிலில் இருந்து தூக்கி, துணி மாற்றி, என் பக்கத்தில் விடுவார். குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரவழைப்பார். நான் எழுந்து நடக்கவே வேண்டாம். பால் கொடுக்க உட்கார்ந்ததும் நாக்கு வறளும் பாருங்கள், அந்த நேரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

சின்னவளுக்குப் பால் கொடுக்கும்போது ஒரு பக்கம் பால் கட்டி, கல் மாதிரி ஆகிக் காய்ச்சல் வந்துவிட்டது. "அந்தப் பக்கம் கொடுக்காதே, பிள்ளைக்கு ஆகாது" என்றார்கள் பெரியவர்கள். அவர் வாதம் பண்ணவில்லை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்தப் பக்கமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால்தான் கட்டு அதிகமாகும் என்று டாக்டர் வாயாலேயே அத்தை கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் பால்சுறா. ஞாயிறு தவறாமல் மார்க்கெட்டில் தேடி வாங்கி வருவார். பாலைக் கூட்டுவது பிள்ளை அடிக்கடி குடிப்பதுதான் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. புட்டு அவ்வளவு ருசி.

சுரங்கத்தூர்

என் அனுபவம் பஸ் ஸ்டாண்டில். 2015இல் தமிழ்நாட்டுப் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தார்களே, அதை நம்பித்தான் கைக்குழந்தையோடு கிளம்பினோம். ஒரு ஊரில் அறை பூட்டிக் கிடந்தது. பிள்ளை வீறிடுகிறான், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நேரக் காப்பாளர் அறையில் போய் நின்று, சாவி வரும் வரை நகரவில்லை. திறந்தால் உள்ளே துடைப்பமும் பெயிண்ட் டப்பாவும். ஒதுக்கி வைத்துவிட்டு வெளியே பையோடு காவல் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் உள்ளே போனார்கள்.

பாலாடைஅப்பா

26 வார லீவு முடிந்து மனைவி வேலைக்குப் போனதும் என் முறை வந்தது. எனக்கு மதிய ஷிப்ட். அவள் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் பாலை நான் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், புகட்டுவேன். வெளியே என்றால் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் என்றால் 4 நாள் வரை. அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். புட்டிப்பால் பழகினால் சில பிள்ளைகள் மார்பில் குடிக்க அடம்பிடிக்கும் என்பதால் பாலாடை. பக்கத்து வீட்டுத் தாத்தா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

சாரல்காற்று

@பாலாடைஅப்பா, லீவு பற்றிச் சொன்னதும் ஒன்று தோன்றியது. மத்திய அரசு வேலையில் இருக்கிற அப்பாக்களுக்கு 15 நாள் லீவு உண்டு, பிள்ளைக்கு 6 மாதம் ஆவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். என்னைப் போலத் தனியார் கம்பெனி ஆட்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை, சொந்த லீவுதான். எதுவானாலும் முழுசாகப் பிரசவத்தன்றே செலவழிக்காதீர்கள். அப்போது வீடு நிறைய ஆள் இருக்கும். தாய்வீட்டில் இருந்து மூன்றாம் மாதம் நம் வீட்டுக்கு வருவார்கள் பாருங்கள், சமையல், துணி, பால் எல்லாம் ஒரே ஆள் தலையில் விழும் வாரம் அது. பாதி லீவை அதற்கு எடுத்து வையுங்கள்.